சனிக்கிழமை பத்து மணிக்குச் சும்மா போவது

என் மகளுக்கு நாலரை வயதானபோது, அவளுக்கு அனுபவம் போதாது என்று ஓர் ஆசிரியை சொன்னார். முதலாம் வகுப்பு நேர்முகத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வகுப்பொன்றை அவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் நடத்துகிறார். ஆம், நாலரை வயதுக்கு நேர்முகப் பயிற்சி. சிரிக்கலாம். பணம் கட்டும்வரை நானும் சிரித்தவள்தான்.

"பிள்ளை கெட்டிக்காரி. ஆனா செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறா," என்றார். "புதுசா என்ன செய்தனீங்கள் எண்டு பாடசாலை அதிபர் கட்டாயம் கேப்பா. இவவிட்டக் கேட்டா, அம்மா உடுப்புக் காயப்போட்டவ எண்டு சொல்றா. திட்டம் ஒண்டும் போடாம, சும்மா எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கோ."

வீட்டுக்கு வந்ததும் திட்டம் போட்டேன். கணினியில் அட்டவணை. போகும் இடம், புறப்படும் நேரம், பிள்ளை கற்க வேண்டியது, மழை பெய்தால் மாற்று இடம். ஒவ்வோர் அனுபவத்துக்கும் ஆங்கிலத்தில் மூன்று வசனம். குளிக்க வார்க்கும்போது பாடமாக்கிவிடலாம்.

என் கணவர் அட்டவணையை எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குச் சும்மா போறம்?"

"பத்துக்கு."

"சும்மா முடிய எத்தனை மணியாகும்? எனக்குத் தலைமயிர் வெட்டப் போகோணும்."

"நக்கலடிக்காதேங்கோ. பிள்ளைக்கு இடம் கிடைக்காட்டி உங்கட வீட்டில ஆரைச் சொல்லுவினம்?"

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, பக்கத்துப் பாடசாலைக்கு நடந்து போய்ப் படித்தவள். என் மகள் நாங்கள் விண்ணப்பித்த அந்தப் பெரிய பாடசாலைக்குள் போகாவிட்டால், குறை எந்தப் பக்கத்து இரத்தத்தில் என்று மாமியார் வீட்டில் யாரும் யோசிக்கவே வேண்டியிராது.

வகுப்புத் தாய்மாருக்கு ஒரு வட்சப் குழு இருந்தது. ஒருவர் தன் மகன் சேற்றில் இறங்கி நாற்று நடும் படத்தைப் போட்டு, "போகிற வழியில் தற்செயலாக ஒரு வயலைக் கண்டோம்!" என்று எழுதியிருந்தார். பிள்ளையின் சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. பின்னால் படப்பிடிப்பாளரின் நிழல். எனக்கு வந்தது சிரிப்பு அல்ல, பொறாமை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தற்செயலாகக் காணக்கூடிய வயல் எங்கே இருக்கிறது என்று அரைநாள் தேடினேன்.

வயல் அகப்படவில்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். அங்கே என் மகள், ஒருவர் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழிவுநீர்க் கான் கழுவுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய நாடியைப் பிடித்து யானைப் பக்கம் திருப்பினேன். "யானை இஞ்ச நிக்குது, குஞ்சு. யானையைப் பார்." யானை பெரியது. ஒட்டகச்சிவிங்கி உயரமானது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. மூன்று வசனம். வேலை முடிந்தது.

நேர்முகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடன் கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஓட்டோ கிடைக்கவில்லை. ஆமர் வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். உடம்பெல்லாம் நிற விளக்கும் உள்ளே பெரிய பாட்டுமாக ஒரு பஸ் வந்து நின்றது.

"இதில போவம், அம்மா."

"இது எங்கட பக்கம் போகாது. வத்தளைக்குப் போகுது."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப போய்ப் பாப்பம்."

ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கொண்டக்டர் மகளிடம், "நங்கி, கொஹெத யன்னே?" என்று சிங்களத்தில், எங்கே போகிறாள் எனக் கேட்டார். "தன்னெ நே," தெரியாது என்றாள், பெருமையாக. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளை பிடிகாரி என்றே நினைத்திருப்பார்.

களனி ஆற்றைத் தாண்டியதும் ஏதோ ஒரு பஸ் தரிப்பில் இறங்கினோம். நான் சொன்னது பொய்யல்ல, அங்கே ஒன்றும் இல்லை. ஒரு தளபாடக் கடை வாசலில் லொறியிலிருந்து மெத்தைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பொலித்தீன் சுற்றிய மெத்தைகள், நடைபாதையில் நாலு ஐந்தாக அடுக்கியபடி. என் மகள் அவற்றையும் கடைக்காரப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். "நகின்ன, புதே," ஏறு மகளே என்று அந்தப் பெண் சொன்னதுதான் தாமதம், ஏறிக் குதிக்கத் தொடங்கிவிட்டாள். தூசு, கிருமி, டெங்கு நுளம்பு, மண்டை உடைதல் எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்தன. "ஒயாத் என்ன," நீங்களும் வாங்கோ என்றார் அந்தப் பெண். நானும் ஏறினேன் என்று எழுதக் கை கூசுகிறது. பஞ்சாபித் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, நீர்கொழும்பு வீதியில் போகும் அத்தனை பஸ்ஸும் பார்க்க, குதித்தேன். மகள் விக்கல் வரும்வரை சிரித்தாள்.

திரும்பும் வழியில் புத்தி வந்தது. "இதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, என்ன?" என்றேன். வீட்டில் வாகன நெரிசல் என்று சொன்னேன். கறுத்துப் போயிருந்த அவளுடைய உள்ளங்கால்களைக் கணவர் காணுமுன் கழுவிவிட்டேன்.

நேர்முகத்தன்று அதிபர் நல்லவராகவே தெரிந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்து, கிட்டக் குனிந்து, "புதிதாக என்ன செய்தீர்கள், மகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மகள் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். கண் மினுங்கியது.

"அம்மா, மெத்தைக் கதையைச் சொல்லட்டோ?"

அதிபர் புன்னகையோடு என்னைப் பார்த்தார். கணவர், என்ன மெத்தை என்பதுபோல் பார்த்தார். பிழையான பஸ்ஸில் ஏறி, தெருவில் ஆரோ ஒருவருடைய மெத்தையில் குதித்த தாய். அந்தத் தாய்க்கு எந்தப் பாடசாலை இடம் கொடுக்கும்?

"யானையைச் சொல்லுங்கோ, குஞ்சு," என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்தாள். மூன்று வசனத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அதிபர் "வெரி குட்" என்று கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு எதையோ எழுதினார்.

இடம் கிடைத்தது. மாமியார் வீட்டிலிருந்து கேக் வந்தது. பிள்ளையின் கெட்டித்தனம் தங்கள் பக்கத்திலிருந்து வந்ததென்று அவர்கள் சொன்னார்கள். குழுவில் முப்பது பேர் கை தட்டும் படம் போட்டார்கள். மெத்தை என்றால் என்ன என்று கணவர் கேட்டார். பிள்ளை ஏதோ கனவு கண்டிருக்கிறாள் என்றேன். அவள் அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அட்டவணை இல்லை. வெயிலும் தாழ்ந்திருந்தது. எனக்கே ஆசையாக இருந்தது.

"குஞ்சு, வெளிக்கிடுங்கோ. எங்கேயாவது போவம்."

அவள் படப் புத்தகத்தில் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். "அதில கேள்வி வருமா?"

"இல்லை. ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"அப்ப என்னத்துக்கு?"

நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டு பேருடைய செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த படத்துக்குப் பக்கத்தைத் திருப்பினாள்.