நான் விட்ட ஓரம்

தாராவியில் எங்கள் லாமினேஷன் கடைக்கு வருவதெல்லாம் ரேஷன் கார்டு, மார்க் ஷீட், ஹோட்டல் மெனு. ஒரு மே மாதம், டிராம்பே பக்கம் சோலார் ஷீட் தயாரிக்கும் சின்னக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர், என்னைவிட இளையவர். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சுருளை எடுத்து விரித்தார். அதில் ஊதா மை பட்டை பட்டையாக அச்சடிக்கப்பட்டிருந்தது. அந்த மைதான் வெயிலைக் கரண்டாக்குமாம். கண்ணாடி கிடையாது, பாய் மாதிரி சுருட்டலாம். ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் மை கெட்டுவிடும். இரண்டு பக்கமும் ஃபிலிம் ஒட்டி மூட வேண்டும். அவர்களுடைய மெஷின் ரிப்பேர். மழைக்கு முன்னால் சாம்பிளை மாடியில் வைக்காவிட்டால் மழை தாங்குமா என்ற சோதனைக்கு இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்.

என் மெஷினில் முதல் இரண்டு துண்டும் வீணாயின. சூடு அதிகமாகி, மைக்கு மேல் கரண்டைக் கொண்டுபோகும் வெள்ளிக் கோடுகள் விரிசல் விட்டன. சூட்டைக் குறைத்து, ரோலரைத் தளர்த்தி, மெதுவாக விட்டேன். மூன்றாவது சுருக்கமில்லாமல் வந்தது; மீதித் துண்டுகளையும் அப்படியே மூடினேன். மை முடியும் இடத்தை ஒட்டி வெட்டச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை.

"ஓரத்துல கரண்ட் வராதே அக்கா, இடம் வீண்" என்றார்.

"ரேஷன் கார்டுக்கே ஓரம் விடாம வெட்ட மாட்டேன் மேடம். ஒட்டி வெட்டினா தண்ணி அந்த வழியாத்தான் உள்ள போவும்."

கொஞ்சம் யோசித்தார். கடைசியில் பாதித் துண்டுகளை அவர் சொன்னபடியும், மீதியை ஒரு விரல் அகலம் ஓரம் விட்டு என் இஷ்டப்படியும் வெட்டினோம்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. செப்டம்பரில் மேடம் போன் செய்தார். ஒட்ட வெட்டியவை ஓரத்திலிருந்து வெளிறிப்போய்விட்டன, ஓரம் விட்டவை நிறம் மாறாமல் இருக்கின்றன, நேரில் வந்து பாருங்கள் என்றார்.

செம்பூரில் பஸ் பிடித்து அவர்கள் கம்பெனிக்குப் போனேன். மாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஓரம் விட்ட துண்டுகளில் இணைத்திருந்த சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் தன்னோடு வேலை செய்பவர்களைக் கூப்பிட்டு, இந்த ஓரம் இவர் விட்டது, இனிமேல் நம் ஷீட் எல்லாம் இப்படித்தான் என்று ஹிந்தியில் சொன்னார். ரோலரை எவ்வளவு தளர்த்தினேன், சூட்டை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவர்கள் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். அவர்கள் நோட்டில் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.