நாரைமேல் போட்ட பழி

நான்கு ஆண்கள் கேட்டு அலைந்த காவல் வேலையை என் தங்கை வாங்கினாள். கணவன் விட்டுப்போன பிறகு, ஒரே அறையில் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். மீன் பண்ணையில் தன்மேல் விழுந்த பழியையும் துடைத்தாள். அந்தக் கடைசி விஷயத்தைக் கூடவே இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

பண்ணையில் நான் வலை தைப்பவன். மூன்றாம் குளத்தில் பெரிய மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. கரையில் தினமும் ஒரு நாரை நின்றது. காவல் பகலுக்கு மட்டும்தான்; அது தங்கை. நாரை தின்றிருந்தால் அவள் தூங்கியிருக்க வேண்டும், தின்னவில்லை என்றால் அவளே எடுத்திருக்க வேண்டும். இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எல்லோர் கண்ணும் அவள் பைமேல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் நானும் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து முகர்ந்தேன்.

"என்னண்ணே, மீன் வாசம் வருதா?" என்றாள் பின்னாலிருந்து. தூக்கை மூடிப் பழைய இடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை பண்ணை மேஸ்திரி அவளிடம் ஒரு தாளை நீட்டினார். "நாரை தின்னுடுச்சு, என் கவனக்குறைவுதான்னு எழுதியிருக்கு. கைநாட்டு வை."

"வச்சா வேலை போயிடும்ல?"

"அதை முதலாளி பாத்துப்பாரு."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க."

முதலாளி வந்தார். கரையில் கிடந்த ஒரு மீன் தலையைத் தங்கை தூக்கிக் காட்டினாள்.

"நாரைக்குப் பல்லு ஏதுங்கய்யா? அது அப்படியே முழுங்கும். முழ நீள மீனு அது தொண்டையில எறங்குமா? இது கடிச்சுத் தின்னுட்டுத் தலையை விட்டுட்டுப் போயிருக்கு." சேற்றைக் காட்டினாள். "நாரைக் காலுன்னா முன்னால மூணு விரல், பின்னால ஒண்ணு. இங்க அஞ்சு இருக்கு, நடுவுல தோல். எச்சத்தைப் பாருங்க, பூரா செதிலு. நாரையோடது சுண்ணாம்பு மாதிரி வழிஞ்சு கிடக்கும். இது நீர்நாய்ங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுது."

"வேலி இருக்கே, எப்படி வரும்?" என்றார் முதலாளி.

தடம் போன வழியே நடந்தோம். மதகுக்குப் பின்னால் கம்பிவலை கிழிந்திருந்தது. செடிகளை வெட்டிப் போட்டு ஓட்டையை மூடியிருந்தார்கள். அதைச் சரிசெய்தாயிற்று என்று போன மாதமே மேஸ்திரி எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது அவர் நாரையைத் தேடுகிறவர்போல வானத்தைப் பார்த்தார்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் முதலாளி. எழுதி முடித்ததும் எழுத்தர் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இருங்க. அண்ணன் ரெண்டு தடவை படிக்கட்டும்."

படித்தேன், இரண்டு தடவையும் ஒரு சொல் விடாமல். பிறகு அவள் பேனாவைக் கேட்டாள். பிள்ளைகளின் சிலேட்டில் பழகியிருக்கிறாள், எனக்கே தெரியாது. தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். நான்கு எழுத்தும் கோணல்தான், ஆனால் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. அன்று 1996 மார்ச் 14, வியாழக்கிழமை.