அஞ்செலிக்குக்கு ஒரு பூசை

"கோப்பி குடிக்கத் தெரிஞ்ச கைக்கு, கப்பைக் குப்பையில போடத் தெரியாதோ?" என்று யாரும் உட்கார்ந்திராத வாங்கைப் பார்த்து ஏசியபடியே செலீன் கப்பைப் பொறுக்குகிறார். மொன்றியல் நகரமண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்னச் சதுக்கத்தைத் துப்புரவாக்க அவரை யாரும் அமர்த்தவில்லை. அவருக்குச் சம்பளம் அடுத்த தெரு அலுவலகத்தின் தரையைத் துடைக்கத்தான். ஆனாலும் மெற்றோவால் இறங்கினால் முதல் வேலை இது. முடிந்ததும் சதுக்கத்துப் பெயர்ப்பலகையிடம் "போயிற்று வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

பலகையில் இருப்பது அஞ்செலிக் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயர். 1734இல் மொன்றியல் எரிந்தபோது, கொளுத்தியது அவள்தான் என்று ஊரே கைகாட்டியது. அடிமை, அதிலும் ஓடிப்போகப் பார்த்தவள். பழி போட வேறு ஆள் வேண்டுமா? கால்களை நெரித்தார்கள். ஒத்துக்கொண்டாள். தூக்கிலிட்டார்கள்.

"எரிச்சவவோ இல்லையோ, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். காலை நெரிச்சால் நானும் ஓமெண்டுதான் சொல்லுவன்" என்பார் செலீன். மன்னாரில் ஆமியிடம் பிடிபட்ட அவருடைய தம்பி டனிஸ்ரனும் அடி தாங்காமல், தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையெழுத்து வைத்தவன். அதை வைத்தே தீர்ப்பும் வந்தது. சிறையிலேயே செத்தான்.

நவம்பரில் தமிழ்ப் பங்குக் கோயிலில் நடக்கும் மரித்தோர் பூசைக்கு செலீன் இரண்டு பெயர் எழுதிக் கொடுப்பார். வாசிப்பது ஒன்றைத்தான். மற்றதைப் பங்குச்சபைச் செயலாளர் யோசெப் பேனாவால் வெட்டிவிடுவார். ஆறு வருடமாக இதே கூத்து. இந்த முறை மனிதர் புதுப் படிவமே அடித்து வைத்திருந்தார். பெயர், அதற்கு எதிரே உறவு. உறவு எழுதாத பெயர் வாசிக்கப்படாது.

"அக்கா, ஊரைக் கொளுத்தினவ எண்டு தீர்ப்பு. அவவுக்கும் பூசையோ?"

"என்ர தம்பிக்கும் தீர்ப்புத்தான். அவனை வாசிக்கிறியள்தானே?"

"அவன் எங்கட பெடியன். இது ஆரெண்டு சனம் என்னையெல்லோ கேக்கும்?"

"அவவும் ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரிதான் யோசெப்!"

"சட்டம் சட்டம்தான் அக்கா. உறவைக் காட்டுங்கோ, வாசிக்கிறன்."

செவிடன் காதில் எத்தனை வருடம்தான் சங்கு ஊதுவது? செலீனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. எட்டி, யோசெப்பின் சட்டைப் பையில் இருந்த பேனாவை உருவினார். டனிஸ்ரனின் பெயருக்கு எதிரே 'தம்பி' என்று எழுதினார். அஞ்செலிக்கின் பெயருக்கு எதிரே, தாள் கிழியும்படி அழுத்தி, 'அக்கா' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.