நான் எழுதாத சிங்களச் சோதனை

எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று கதிரைகள் இருந்தன. அந்த மூன்றிலும் இருந்துகொண்டுதான் தமிழருக்குத் தனிநாடு பிரித்தார்கள். கிழமையில் இரண்டு பின்னேரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே தொடங்கிவிடும். நான் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றுவேன். அறுபதுகளின் தொடக்கம் அது. வன்னியில், பரந்தனில் இறங்கிக் கண்டாவளைப் பக்கம் போகிற வழியில், குளத்து வாய்க்கால் பாய்கிற குடியேற்றத்தில் எங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன.

ஒரு கதிரை என் கணவருக்கு. மற்றது எதிர்க்காணிக்காரருக்கு. அவருடைய தமையன் தெற்கே எங்கோ சுருட்டுக்கடை வைத்திருந்தார். மூன்றாவது தபால் கந்தோர் கிளாக்கருக்கு. மூன்று பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்.

கிளாக்கர் சமஷ்டிக்காரர், ஒரே நாட்டுக்குள் தமிழருக்கு ஒரு மாநில ஆட்சி கிடைத்தால் போதும் என்கிறவர். "தனிநாடு எண்டு கேட்டு வெருட்டினாத்தான் அவன் சமஷ்டியாவது தருவான்" என்பார். எதிர்க்காணிக்காரருக்கு எல்லாவற்றிலும் பயம். "பிரிஞ்சா என்ர தமையன் சுருட்டை ஆருக்கு விக்கிறது? மாவும் சீனியும் எங்கயிருந்து வரும்?" என்று கேட்பார். என் கணவருக்கு இந்த இரண்டு கதையும் பிடிக்காது. "அவன்ர கையைப் பாத்துக்கொண்டு இருக்கிற எந்த ஏற்பாடும் எனக்கு வேண்டாம். நெல்லு இருக்கு, கடல் இருக்கு. வேற என்ன வேணும்?" என்பார். ஒருமுறை தலைநகரம் யாழ்ப்பாணமா திருகோணமலையா என்று மூன்று கிழமை சண்டை நடந்தது. இருந்து கதைத்தது வன்னி மண்ணில். வன்னியில் வைப்போம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கு அன்றைக்கே எரிச்சல்.

ஆனால் என் கணவரின் கோபத்தில் பொய் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கலியாணத்துக்கு முதல் அவர் தெற்கே ஒரு புடைவைக்கடையில் விற்பனைக்கு நின்றவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். உடுத்த சாரமும் ஒரு சேட்டுமாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். தெற்கே அந்த நாட்களில் என்ன கண்டார் என்று எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பரந்தன் சந்தியில் லொறிக்காரன் யாராவது சிங்களத்தில் உரத்துக் கூப்பிட்டால் சைக்கிளால் இறங்கி, லொறி போகும்வரை கடைக்குப் பின்னால் போய் நிற்பார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அரசாங்க மருத்துவிச்சி. சனம் 'மிட்வைவ் அம்மா' என்று கூப்பிடும். வெள்ளைச் சீலை, கறுப்புத் தோல் பை, ஒரு பொம்பிளைச் சைக்கிள். கண்டாவளையிலிருந்து வாய்க்கால்கரைக் குடிசைகள் வரைக்கும் என் பகுதி. அந்தப் பகுதியில் நடக்கப் பழகின பிள்ளைகளில் பாதிப்பேர் என் கையில் விழுந்தவர்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வயல் பொய்த்த வருடங்களில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்ததும் அங்கே நிற்கிற எல்லாரும் விலகி வழிவிடுவார்களே, அது எனக்கு வேறு எங்கேயும் கிடைக்காத மரியாதை. என் வீட்டில்கூட இல்லை.

அப்படியிருக்க சுகாதார இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாசிக்கத் தெரியாதெண்டு தெரிஞ்சுதானே அனுப்பியிருக்கிறாங்கள்" என்றார். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்திப் பேக்கரிக்குப் போனேன். அங்கே பாண் போடுகிறவர் தெற்கத்திச் சிங்களவர். அவருடைய மனைவிக்கு இரண்டாவது பிள்ளையை எடுத்தது நான். அவள் என்னை 'அக்கா' என்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். கடிதத்தை வாசித்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். "அக்கா, சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேணுமாம். குறிச்ச காலத்துக்குள்ள பண்ணாட்டி வேலை நிரந்தரமாக்க மாட்டினமாம். நிப்பாட்டுவினமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கண்டாவளையில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் தொப்புள்கொடியை வெட்ட எனக்கு எதற்குச் சிங்களம்? அந்தத் தாய் சிங்களத்திலா கத்துகிறாள்? சந்தியில் நின்று எல்லாருக்கும் கேட்கத் திட்டினேன். பேக்கரிக்காரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், ஏதோ சிங்களம் மட்டும்தான் அரசமொழி என்ற சட்டத்தை அவள்தான் எழுதினது மாதிரி. பிறகு அவளே சொன்னாள்: "நான் சொல்லித் தாறன் அக்கா. எழுத்து கஷ்டமில்லை."

அதிலிருந்து சந்திப் பக்கம் போகிற நாளெல்லாம் அவளிடம் அரைமணித்தியாலம் இருந்தேன். பாண் சுற்றுகிற தாளில் எழுதிக் காட்டுவாள். எல்லா எழுத்தும் தாச்சியில் மா ஊற்றின மாதிரி வட்டமாக இருக்கும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் பிடிபட எனக்கு இரண்டு மாதம் போனது. வீட்டில் எழுதிப் பார்க்க முடியாது. அரிசி கழுவுகிற தண்ணியைத் தொட்டுக் குசினி நிலத்தில் எழுதுவேன், காய்ந்துவிடும்.

ஒருநாள் பைக்குள் இருந்த தாளை அவர் கண்டுவிட்டார்.

"அந்தப் பாஷையை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதையும்."

"நான் சோதனை எழுதப்போறன்."

"எழுதினா என்ன கருத்து? அவன்ர சட்டத்துக்கு நாங்கள் ஓம் எண்டு சொல்லுறம் எண்டுதானே? எல்லாரும் எழுதாமல் விட்டால் என்ன செய்வான்?"

"எல்லாரும் விடமாட்டினம். என்ர வேலை போகும்."

அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். பகிடியாகச் சொன்னார். "எங்கட நாடு வரட்டும். நீர்தான் அங்கை பெரிய மிட்வைவ்."

"அதுவரைக்கும் பெத்துப்போடாமல் பொறுத்திருக்கச் சொல்லி ஊரிலை சொல்லட்டே?" என்று கேட்டேன். அவர் எழும்பி வேலிக்கரையில் போய் நின்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சோதனை வவுனியாவில், ஒரு பள்ளிக்கூடத்தில். முதல்நாள் அவர் மல்லாவியில் ஒரு கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். விடிய எழும்பிச் சமைத்து மூடிவைத்துவிட்டு, வெள்ளைச் சீலை உடுத்து, இரண்டு பென்சிலும் சீவி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டி வீதி நெடுக வாய்க்குள் சொற்களைச் சொல்லிக்கொண்டே போனேன். பாஸ் பண்ணுவேன் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அதுதான் இன்றைக்கும் தாங்கமுடியாமல் இருக்கிறது.

பள்ளிக்கூட வாசலில் பத்துப் பதினைந்து பேர் குறுக்கே கிடந்தார்கள். சிங்களச் சோதனையை மறிக்கிறார்களாம். முதலில் நிலத்தில் குந்தி இருந்தார்களாம். இருந்தால் இடைவெளியில் கால் வைத்து ஆட்கள் உள்ளே போய்விடுகிறார்கள் என்று, நெருக்கமாய், தோளோடு தோள் முட்டப் படுத்துவிட்டார்கள். நல்ல மூளை. எங்கள் சனம் கிடக்கிற ஆளைக் கடக்காது. சின்னப்பிள்ளை கிடந்தால்கூடக் கடக்கமாட்டோம், தவறிக் கடந்துவிட்டால் திரும்பக் கடந்து வருவோம், இல்லையென்றால் பிள்ளை வளராது என்பார்கள். பெரியவர்களைக் கடக்கிறது என்பது கன்னத்தில் அறைகிறதுக்குச் சமம். பொலிஸ்காரர் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் அன்றைக்கு ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் நாலாவது ஆள் என் கணவர். நான் தோய்த்துக் கொடுத்த துவாயைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். அவர் கிடந்த இடத்துக்கு நேரேதான் வாசலின் திறந்த பாதி. அவரைக் கடந்தால் உள்ளே போய்விடலாம். என்னைக் கண்டார். கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

சோதனை எழுத வந்தவர்கள் இருபது பேர் வரையில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஆம்பிளைகள் ஒவ்வொருவராய்க் காணாமல் போனார்கள். பின்பக்க மதிலால் ஏறிக் குதிக்கிறார்கள் என்று சோதனை எழுத வந்த ஒரு ஆசிரியை சொன்னா. நானும் அவாவும் போய்ப் பார்த்தோம். எங்கள் தபால் கந்தோர் கிளாக்கர் மதிலுக்கு மேலே ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக இருந்தார். என்னைக் கண்டதும் அந்தப் பக்கம் விழுந்தார். மதில் என் தலைக்கு மேலே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சீலையோடு திரும்ப வாசலுக்கு வந்தோம்.

முதல் மணி அடித்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். மற்றக் கையால் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில், "வாங்கோ நோனா, உள்ளுக்குப் போங்கோ" என்றார். அது எனக்கு விளங்கியது. விளங்கினதுதான் கேடு. இவ்வளவு படித்துவிட்டு வெளியே நிற்கிறேனே என்று இருந்தது. என் கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு எட்டு. அவ்வளவுதான் இருந்தது. எழும்புங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். காலையாவது மடக்குங்கோ என்று கத்தினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டாவது மணியும் அடித்தது. கதவைச் சாத்தினார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்தரிப்புக்கு நடந்தேன்.

பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தபோது சந்தோசமாக வந்தார். மல்லாவிப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எனக்குத் தெரியும், நீர் கடக்கமாட்டீர் எண்டு" என்றார். என்னைப் புகழ்கிறாராம். அன்று தொட்டு ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் களைப்பு என்று நினைத்தார்.

மாதங்கள் போய் இலாகாவிலிருந்து அடுத்த கடிதம் வந்தது. அதுவும் சிங்களத்தில்தான். இந்த முறை நானே வாசித்தேன். பேக்கரிக்குப் போகவேண்டி வரவில்லை. மாத முடிவோடு என் சேவை முடிந்தது என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் என் கணவர் எல்லாருக்கும் சொன்னார். "இவா நாட்டுக்காக வேலையை விட்டவா." எதிர்க்காணிக்காரர், "பெரிய விஷயம் தங்கச்சி" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

"நான் விடேல்லை. நீங்கள் கிடந்தனீங்கள், எனக்குக் கடக்க ஏலாமல் போச்சு" என்றேன். பிறகு கிளாக்கரின் பக்கம் திரும்பி, "அண்ணை, மதில் நல்ல உயரமோ?" என்று கேட்டேன்.

கிளாக்கருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அவர் பாஸ். வேலையும் நிரந்தரம். என் கணவர் அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். "என்ன செய்யிறது, ஆம்பிளைக்குக் குடும்பம் இருக்குத்தானே" என்றார். பிறகு சமஷ்டியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். எனக்கு அந்தத் தட்டை அவர்கள் தலையில் போட்டால் என்ன என்று இருந்தது.

எனக்குப் பதிலாக இலாகா ஒருத்தியை அனுப்பியது. சோதனை பாஸ் பண்ணவேண்டிய தேவையே இல்லாத ஒருத்தி. இருபத்திரண்டு வயது இருக்கும், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. தமிழ் ஒரு சொல் தெரியாது. வந்து நாலாம் நாள் பேக்கரிக்காரி அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சீலை, என் கையில் இருந்த அதே கறுப்புப் பை. கண் வீங்கியிருந்தது. முதல் பிரசவத்திலேயே அந்தத் தாய் என்ன சொல்லிக் கத்தினாள் என்று தெரியாமல் தான் விறைத்துப்போய் நின்றதாகச் சிங்களத்தில் சொன்னாள். பிள்ளையும் தாயும் தப்பியது கடவுள் புண்ணியம். ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, தனக்குத் தேவையான சொற்களைச் சொல்லித் தரச் சொன்னாள்.

அவளைப் போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்தமுறை கத்தப்போவது எங்கள் ஊர்ப் பெண். சொன்னேன். எங்கே நோகுது. மூச்சை விடுங்கோ. இப்ப முக்குங்கோ. அவள் சிங்கள எழுத்தில் எழுதி எழுதிச் சொல்லிப் பார்த்தாள். பிழையை நான் சிங்களத்தில் திருத்தினேன். வயலால் வந்த என் கணவர் மண்வெட்டியோடு படலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை உள்ளே வரவில்லை.

பிறகு வந்து கதிரையில் இருந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். ஆனால் குரல் தணிந்துதான் இருந்தது.

"அப்ப உமக்கு எங்கட நாடு வேண்டாமோ?"

எத்தனையோ மாதம் அந்த விறாந்தையில் நாடு பிரிக்கிற கதை நடந்தது. என்னிடம் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"வேணும்" என்றேன். "எனக்கும்தான் வேணும். அந்த நாட்டிலையும் என்ர வாசலிலை குறுக்கை கிடக்கமாட்டன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் எழும்பி, மண்வெட்டியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.