ஏழு வெட்டுள்ள மரம்

காலை 7.40க்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஆம்பூர் வண்டி ஏறினேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டும்வரை நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: நசீர் என்பவர் போனில் சொன்ன பழைய தறி, கரையான் தின்ற விறகாக இருக்க வேண்டும்.

பதினோரு ஆண்டுகளாக இந்த வட்டாரத்துப் பழைய கைத்தறிகளின் வரலாற்றைத் தேடி எழுதி வருகிறேன். குடியாத்தத்தில் தெருத்தெருவாக அலைந்தும் முழுத் தறி ஒன்றுகூடச் சிக்கவில்லை. கிடைத்தது, நெய்த துணியைச் சுருட்டும் மரம் மட்டும். அதை வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டில், புத்தக அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். நசீரோ ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அவர் என்னை அழைத்தது நிபுணர் கருத்துக் கேட்க என்று எடுத்துக்கொண்டேன்.

9.05க்கு ஆம்பூர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கினார்.

"நசீர் பாய் வூடா? தறி வூடுன்னு சொல்லு சார். போன வாரம் காலேஜ் பசங்க தனி பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போனாங்க."

என் வீட்டுக்கு எந்தக் கல்லூரியும் பஸ் எடுத்து வந்ததில்லை.

நசீருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோல் வெட்டும் பிரிவில் இருபது ஆண்டு வேலை. அவர் மனைவி ஷமீம் டீ கொடுத்தார். "பீரோ வாங்கலாம்னா எடமில்லைன்றாரு சார். இதுக்கு மட்டும் ஷெட்டு. தேக்குல ஒரு சக்களத்தி வந்துட்டா எனக்கு."

ஷெட்டில் தறி நின்றது. கரையான் இல்லை. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சீட்டு: எந்தத் தெரு, யார் வீடு, கடைசியாக நெய்தவர் யார். நெய்தவர்கள் பேசியதைப் பதிவு செய்து தேதிவாரியாக வைத்திருந்தார். என் குறிப்பேடுகளில் இந்த ஒழுங்கு கிடையாது. குறை கண்டுபிடிக்கக் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் துணி சுருட்டும் மரம் இல்லை. மனம் சற்றுக் குளிர்ந்தது.

"ஆறு வூட்டுல தனித்தனியா கெடந்தது சார்" என்றார் நசீர்.

"எல்லாம் ஒரே தறின்னு எப்படித் தெரியும்?"

டார்ச் அடித்துக் காட்டினார். தறியின் காலில் ஒரு உளிவெட்டு. அதில் செருகிய சட்டத்திலும் ஒன்று. அடுத்த இணைப்பில் இரண்டுக்கு இரண்டு.

"ஷூ தோல்ல நாங்க ஓரத்துல வெட்டு வைப்போம். எது எதோட சேரணும்னு தைக்கிறவங்களுக்குத் தெரியணும்ல? ஆசாரியும் அதான் பண்ணி வெச்சிருக்கான். கழட்டுனா திரும்ப மாட்டணுமே."

ஆறுவரை ஜோடி சரியாக இருந்தது. முன்கால்கள் இரண்டிலும் ஏழு வெட்டுகள். அவற்றுக்கு மட்டும் ஜோடி இல்லை.

என் வீட்டு மரத்தின் இரு முனையிலும் ஏழு வெட்டுகள் உண்டு. அவை ஏழு கன்னிமாரைக் குறிப்பவை என்று, அந்த மரத்துக்குக் கீழே நான் நிற்கும் படத்துடன், ஒரு இதழில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

"இது ஒண்ணுதான் கம்மி சார். வந்துட்டா நெய்யவே ஆரம்பிச்சிடலாம்" என்றார் நசீர்.

"கிடைக்கிறது கஷ்டம்" என்றேன். மதியம் அங்கேயே சாப்பிட்டேன்.

மாலை 4.10க்கு நசீர் பைக்கில் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். வண்டி நகரும் நேரம். ஜன்னல் வழியாகச் சொன்னேன்: "நசீர், அந்த மரம் எங்கிட்டதான் இருக்கு."

"தெரியும் சார். ஏழு வெட்டுன்னு எழுதியிருந்தீங்களே. படிச்சிட்டுத்தான் போன் போட்டேன்."

"காலையிலேயே கேட்டிருக்கலாமே?"

"உங்க மரம். நான் எப்டிக் கேக்கறது? அதான் தறியக் காட்டிட்டேன்."

அடுத்த ஞாயிறு எடுத்து வருவதாகச் சொன்னேன். வண்டி கிளம்பிவிட்டது, அவர் கையை ஆட்டியது மட்டும் தெரிந்தது.

மாதனூர் தாண்டியதும் நடத்துநரிடம் விசாரித்தேன்: ஐந்தடி மரம் ஒன்றை பஸ்ஸில் ஏற்ற முடியுமா?

"லக்கேஜ் போடணும் சார். நடுவுல அறுத்துக் கொண்டாந்தா சும்மாவே வெச்சிக்கலாம்."

ஆம்பூரில் அந்த மரத்துக்கென்றே செதுக்கிய இரண்டு கால்கள் நிற்கின்றன. என் வீட்டில் இருப்பவை இரண்டு ஆணிகள். அறுத்தால் அது எந்தத் தறிக்கும் ஆகாது. இது தெரிந்தும், பள்ளிகொண்டா வரும்வரை, நடத்துநர் சொன்ன யோசனையை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை.