அவன் எழுதிய திருத்தத்தில் என் பெயர்

வயிற்றெரிச்சல் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அனுபவித்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். எனக்கு அது தொப்புளுக்குச் சற்று மேலே வரும். போன சாரல் காலத்தில், தென்காசியில் என் வீட்டு மாடியறையில், ஒரு மின்னஞ்சலைத் திறந்ததும் வந்தது.

சம்பளத்துக்கு ஒரு வேலை, ஆசைக்கு ஒரு வேலை என்று இரண்டு பார்ப்பவன் நான். ஆசைக்குப் பார்ப்பது கணினி நிரல், அதாவது புரோகிராம், எழுதுகிறவர்களுக்கான ஒரு மென்பொருள் கருவி. ஒரே நிரலைப் பல ஊர்களில் இருந்து பலர் எழுதினால், ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றோடு ஒரு நகல் இருக்கும். எந்த வரியை யார் எழுதினார் என்பதும் அதில் பெயரோடு பதிந்திருக்கும். அந்த நகல்களை அடிதடி இல்லாமல் ஒன்றுசேர்ப்பது எங்கள் கருவியின் வேலை. அதை வளர்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். திருத்தம் எழுதி எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு யாரும் அனுப்பலாம். பார்த்துச் சேர்க்கும் உரிமை மூன்று பேருக்குத்தான். அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்று வந்த மின்னஞ்சல் என் கல்லூரித் தோழன் அனுப்பியது. குற்றாலத்துக்காரன், போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை. அவனைக் குழுவுக்குக் கூட்டிவந்ததே நான்தான். எங்கள் கருவியில் ஒரு பழைய கோளாறு இருந்தது. ஒருவர் ஒரு ஃபைலின் பெயரை மாற்ற, இன்னொருவர் அதே ஃபைலுக்குள் ஏதாவது எழுத, இரண்டையும் சேர்க்கும்போது எழுதியது காணாமல் போய்விடும். இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. அவன் மூன்று வாரத்தில் சரிசெய்து அனுப்பியிருந்தான். எழுபது வரிகூட இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். குறை சொல்ல ஓரிடம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கலாம். வேரியபிளுக்கு வைத்த பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். விளக்கக் குறிப்பு நீளம் என்றேன். சுருக்கி அனுப்பியதும், குறிப்பு போதவில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் “சரிலே, மாத்திருதேன்” என்று போனில் சொல்லிவிட்டு மறுநாளே அனுப்பினான். ஒரு தடவையாவது கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான்காவது தடவை, உரிமையுள்ள மற்ற இருவரில் ஒருவர், இன்னும் என்ன தாமதம் என்று குழுவிலேயே கேட்டுவிட்டார்.

வேறு வழியில்லாமல் சேர்க்க உட்கார்ந்தேன். வந்த மின்னஞ்சலை அப்படியே கருவியிடம் கொடுத்தால், அனுப்பியவர் பெயரை அதுவே எடுத்துக்கொள்ளும். நான் எரிச்சலில் வரிகளை மட்டும் எடுத்து ஒட்டினேன். அப்படி ஒட்டினால் எழுதியவர் யாரென்று கருவிக்குத் தெரியாது, ஒட்டியவர் பெயரைப் போட்டுக்கொள்ளும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு. அதுவரை சத்தியமாகக் கைத்தவறுதான். ஆனால் வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பார்த்தேன். நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டேன். எல்லோருடைய நகலுக்கும் போய்விட்ட பெயரைப் பிறகு அழிக்க முடியாது.

சேர்த்தாயிற்று என்று நான் சொன்னதை நம்பி, அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு இருவரும் வந்தபோது, அவன் அப்பா ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர்.

“என்னமோ எழுதுனேன், ஒலகத்துக்கே போயிருக்குன்னு சொல்லுதான். எங்கலே, காட்டு பாப்போம்” என்றார்.

அவன் உற்சாகமாக லேப்டாப்பைத் திறந்து, வரிக்கு வரி எழுதியவர் பெயரைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஏலே, இங்கன பூரா ஒங் கூட்டாளி பேருல்லா இருக்கு. ஒம் பேரு எங்க?”

அவன் திரையையே பார்த்தான். என் பக்கம் திரும்பவில்லை.

“அது அப்படித்தாம்ப்பா காட்டும். சேத்துவிட்டவன் பேருதான் வரும்.”

“அப்ப எழுதுனவனுக்கு ஒண்ணும் கெடையாதாக்கும்” என்று அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டேஷனில் எத்தனையோ பேரைப் பார்த்துப் பழகிய பார்வை. பிறகு, “பழத்த எடுத்துக்கிடு தம்பி” என்றார்.

பைக்கை எடுக்கும்போது அவனிடம், “வேணும்னு செய்யலலே, ஒட்டும்போது மாறிப்போச்சு” என்றேன்.

“தெரியும்லே. நீ அப்படியா செய்வ?” என்றான்.

நான் தென்காசி வந்து சேர்வதற்குள் குழுவில் அவன் கடிதம் வந்திருந்தது. திருத்தத்தைத் தான் சரியான வடிவத்தில் அனுப்பாததால்தான் பெயர் விடுபட்டுவிட்டது, சேர்த்தவர் மேல் தவறில்லை, கருவியின் அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் தன் பெயரை ஒரு வரியில் போட்டால் போதும் என்று எழுதியிருந்தான். பச்சைப் பொய். நான்கு தடவையும் அவன் சரியாகத்தான் அனுப்பியிருந்தான். அதற்குக் கீழே பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பெருந்தன்மை என்றார் ஒருவர். இவரல்லவா நம் குழுவுக்கு வேண்டிய ஆள் என்றார் இன்னொருவர்.

பதில் எழுதத் தொடங்கினேன். தவறு அவனுடையது இல்லை, என்னுடையது என்று ஒரு வரி போதும். அந்த நேரம் வெட்கமாக இருந்தது என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், இந்த நல்ல பெயரும் அவனுக்கே போய்விட்டதே என்றுதான் இருந்தது. எழுதியதை அழித்துவிட்டேன். குழுவில் எல்லோரும் அவனுக்குப் பதில் எழுதிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் எழுதவில்லை.