காத்திருக்கும் அறையும் கணக்குப் பரீட்சையும்

“கணக்குக் குரூப்பா? இந்தப் பிள்ளை ஓணத்துக்கு முன்னாடியே சரித்திரத்துக்கு மாறிக்கிடும்.”

கல்லூரியில் சேர்ந்த அன்று கணித ஆசிரியர் இதை என்னிடம் சொல்லவில்லை. என் தலைக்கு மேலாகக் குமாஸ்தாவிடம் சொன்னார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். விண்ணப்பத்தில் உருட்டிய பெருவிரல் மையை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே, “சரித்திரம்னா கொஞ்சம் லேசா இருக்குமா சார்?” என்று கேட்டார். குமாஸ்தா சிரித்துவிட்டார். எனக்கு முகம் எரிந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். லேசானதைத் தேடி நான் அவ்வளவு தூரம் வரவில்லை.

ஓணம் வந்தது, போனது. நான் மாறவில்லை.

எங்களுடையது சின்ன மிஷன் கல்லூரி. இன்டர்மீடியட் இரண்டு வருஷம், அதோடு சரி. அதற்கு மேல் படிக்க திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போகவேண்டும். கணக்கு வகுப்பில் நாங்கள் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி போதகர் மகள். இன்னொருத்தி நாஞ்சில்நாட்டு வயற்காட்டு ஊரிலிருந்து வில்வண்டியில் வருகிற சைவ வீட்டுப் பெண். மூன்றாவது நான். வாயைத் திறந்தால் பாட்டுப் பாடுவதுபோல் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே விடுதியில் என்னைக் கேலி செய்தார்கள். மேற்கே ஆற்றங்கரைப் பேச்சு அப்படித்தான் இருக்கும். நான் அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

பெண்களுக்கென்று கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்புக்கு நாங்களாகப் போகக்கூடாது. வராந்தாக் கோடியில் எங்களுக்கு ஓர் அறை. ஜன்னலுக்குப் பாதித் திரை. மணி அடித்தபின் ஆசிரியர் அந்த வழியாக வந்து, கையிலுள்ள டஸ்டரால் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். நாங்கள் எழுந்து அவருக்குப் பின்னால் வரிசையாக நடக்கவேண்டும். வகுப்பு முடிந்ததும் அதேபோல அவர் பின்னாலேயே வெளியே வந்து அறைக்குள் போய்விடவேண்டும்.

உள்ளே நுழையும்போது பையன்கள் தரையைக் காலால் உதைத்துச் சத்தமெழுப்புவார்கள். “ஏலே, தாராவும் குஞ்சும் வருது!” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். தாரா என்றால் வாத்து. ஆசிரியர் சிரிக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். போட்ட கணக்கைப் பற்றி வகுப்புக்குப் பிறகு பையன்கள் சண்டையிட்டுக்கொள்வது திரைக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்கும். விடை எனக்குத் தெரிந்திருக்கும். போய்ச் சொல்ல முடியாது. அந்த அறையில் என்னால் ஒருநாளும் உட்கார முடிந்ததில்லை. சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருப்பேன்.

விளையாட்டும் அப்படித்தான். விடுதிக்குப் பின்னால் உயர்ந்த மதிலுக்குள் ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீசிப் பிடிப்போம். விளையாட்டு விழா அன்று ஓலைப் பந்தலில் உட்கார்ந்து கைதட்டுவோம். ஆற்றில் குலை ஏற்ற வள்ளம் வருகிற சத்தம் கேட்டதும் எங்கள் ஊர்ப் பையன்களையெல்லாம் முந்திப் படகு அணையும் கடவுக்கு ஓடியவள் நான். பந்தலில் என் பாதங்கள் சும்மா இருக்காது.

இரண்டாம் வருஷம் செலக்‌ஷன் பரீட்சை வந்தது. பல்கலைக்கழகப் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று கல்லூரியே முன்கூட்டி வைத்துப் பார்க்கிற பரீட்சை. இதில் தேறாவிட்டால் ஒரு வருஷம் போயிற்று. எனக்கு அந்த ஒரு வருஷம் கிடையாது. அடுத்த வருஷம் அனுப்புவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லை. என் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப் பரீட்சை பத்து மணிக்கு. மைதானத்துக்கு அந்தப்புறம் இருந்த பெரிய ஹாலில். அதே வாரம் ஓட்டப்பந்தயத் தேர்வும் நடந்தது. எங்கள் கணித ஆசிரியர்தான் விளையாட்டுக்கும் பொறுப்பு. அன்று காலை மைதானத்தில் நேரமாகிவிட்டதால் மீதிப் பந்தயங்களை டிரில் மாஸ்டரிடம் விட்டு, விசில் கழுத்தில் தொங்க அங்கிருந்தே நேராக ஹாலுக்குப் போய்விட்டார். வராந்தாப் பக்கம் வரவில்லை. அறையில் மூன்று பெண்கள் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு காத்திருப்பது அவருக்கு நினைவில்லை.

மணி அடித்தது. கதவு தட்டப்படவில்லை.

“வாங்க, போயிரலாம்,” என்றேன்.

“சும்மா இரிட்டி. சார் வராம எப்படிப் போறது?” என்றாள் போதகர் மகள்.

“அவரு வராமலே இருந்தா?”

“அவரு வரலைன்னா பரீட்சையும் இல்லன்னுதானே அர்த்தம்.”

வில்வண்டிக்காரி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். “இதைத் தின்னு. நீ நடந்து நடந்து தரை தேஞ்சிரும்.”

நான் நடந்தேன். போகலாமென்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் போகவில்லை. வழக்கத்தைப் பழித்துக்கொண்டே அதற்குள் நானும்தான் இருந்தேன். இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் அதில்தான்.

பியூன் அந்த வழியாக வந்தவர் திரைக்குமேல் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நீங்க இங்கணயா இருக்கிய? அங்கண பேப்பர் குடுத்து அரை மணிக்கூருக்கு மேலே ஆச்சுல்லா!”

அப்போதும் போதகர் மகள் அவரிடம், “சாரை வந்து கூப்பிடச் சொல்லுங்க,” என்றாள்.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

வராந்தா வழியாகச் சுற்றிப் போனால் தூரம். மைதானத்தைக் குறுக்கே வெட்டினேன். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிக்கொண்டேன், மறுகையில் பேனா. ஜூனியர் பையன்களுக்குக் கால்மைல் ஓட்டம் நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. கடைசி வளைவில் நான்கு பேர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் இரண்டு பேர் கயிறு பிடித்து நின்றார்கள். எனக்கும் அந்த வழிதான். அவர்கள் கயிற்றைப் போடுவதா பிடிப்பதா என்று திகைத்து நிற்க, கயிறு என் மார்பில் பட்டு அறுந்தது. டிரில் மாஸ்டர் விசிலை ஊது ஊதென்று ஊதினார்.

“ஏலே, பரிசு தாராக்குஞ்சுக்குத்தான்!” என்று எவனோ கத்தினான். மைதானமே சிரித்தது. நான் நிற்கவில்லை.

ஹாலுக்குள் தனியாக நுழைந்ததும் பையன்களின் கால்கள் தரையை உதைக்க ஆரம்பித்தன. ஆசிரியர் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிற்று.

“எங்கே போயிருந்தே?”

“நீங்க வரல சார்.”

அவர் கை கழுத்து விசிலுக்குப் போயிற்று. பிறகு கேள்வித்தாளை நீட்டினார். “மணி அடிச்சா பேனாவைக் கீழே வச்சிரணும். உனக்குத் தனி நேரம் கிடையாது.”

“வேண்டாம் சார்.”

ஒன்பது கணக்கில் ஆறு போட்டேன். ஏழாவது பாதியில் மணி அடித்தது.

மறுநாள் பிரின்சிபால் துரை கூப்பிட்டனுப்பினார். சீமைக்காரர்; தமிழை வேதாகமத்திலிருந்து கற்றவர், அப்படியே பேசுவார். “மகளே, நீ ஏன் இளைஞரின் நடுவே ஓடினாய்?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வரும் சனிக்கிழமை மற்ற இரண்டு பெண்களுக்கும் வேறு கேள்வித்தாளில் முழு நேரப் பரீட்சை என்றும், நானும் அதை எழுதலாம் என்றும் சொன்னார். ஆனால் துணையில்லாமல் ஹாலுக்குள் போனதற்கு மன்னிப்புக் கடிதம் தரவேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகாமல் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு கடிதம்தானே. எழுதிக் கொடுத்தால் ஒன்பது கணக்கும் போடலாம். கொடுக்காவிட்டால் ஆறரைக் கணக்கோடு நிற்கவேண்டும். போதுமா போதாதா என்று யாருக்கும் தெரியாது. மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில் இப்படி எழுதினேன்: பந்தயத்தைக் கெடுத்ததற்காக ஓடிய நால்வரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பரீட்சைக்குப் போனதற்காகக் கேட்க மாட்டேன்.

துரை அதை இரண்டு முறை வாசித்தார். “இது பாதி மன்னிப்பு.”

“குற்றமும் பாதிதான் ஐயா.”

“அப்படியானால் நீ எழுதின தாளே உனக்குத் தீர்ப்பு,” என்றார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

விடுதியில் போதகர் மகள் சில நாள் என்னோடு பேசவில்லை. பேசினபோது, “ஒனக்கு மட்டும் என்னட்டி அவசரம்? பொறுத்திருந்தா ஒனக்கும் முழு நேரம் கிடைச்சிருக்கும்லா?” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அவர்கள் இருவரும் சனிக்கிழமை நிதானமாக எழுதித் தேறினார்கள். நான் பத்து நாள் தூங்காமல் புரண்டேன். மனத்துக்குள் ஏழாவது கணக்கை எத்தனை தடவை முடித்தேனோ.

பட்டியலில் என் பெயர் கடைசியாக இருந்தது. ஆனால் இருந்தது. ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்தார். போட்ட ஆறும் சரி. பாதிக் கணக்குக்குப் பாதி மதிப்பெண்.

மறுநாள் முதல் நான் அந்த அறைக்குப் போகவில்லை. மணி அடிக்குமுன் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தேன். உதைத்தார்கள். நான்கு நாள் உதைத்துக் கால் வலித்ததோ என்னவோ, விட்டுவிட்டார்கள். வாரக் கடைசியில் வில்வண்டிக்காரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அங்கண தனியா இருந்தா போரடிக்குட்டி,” என்றாள். போதகர் மகள் கடைசிவரை டஸ்டர்த் தட்டுக்குத்தான் எழுந்து வந்தாள். ஆசிரியரும் அவள் ஒருத்திக்காகத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

பல்கலைக்கழகப் பரீட்சை எழுதி வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. சென்னையிலிருந்து ரிசல்ட் வரவில்லை. சந்தையில் அப்பாவிடம் ஆள் ஆளாகக் கேட்கிறார்கள். அம்மை, “இரி மக்கா, ரிசல்ட் வரட்டும்,” என்கிறாள். பெண் பார்க்க யாரோ வருவதாகவும் பேச்சு. என்னால் இருக்க முடியவில்லை.

முந்தாநாள் திருவனந்தபுரத்துக் கல்லூரி பி.ஏ. விண்ணப்பத்தை எடுத்து, பாடம் என்ற இடத்தில் கணிதம் என்று எழுதினேன். அப்பாவிடம் மைப்பெட்டியை நீட்டினேன்.

“தோத்துப் போயிட்டா என்ன செய்வே?” என்றார்.

“இப்பம் விரலை வையுங்க.”

வைத்தார். நேற்றுக் காலை நானே அஞ்சல் ஆபீசுக்கு நடந்து போய்க் கொடுத்தேன். அஞ்சல் பையைக் கட்டித் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றும்வரை அங்கேயே நின்றேன். பஸ் பாலம் தாண்டிப் போய்விட்டது.